குறிப்பிடப்படாத சிறுநீர்ப்பைக் கோளாறு

போன மாதமே மூடிய கோப்பு, மதியம் இரண்டு பத்துக்குத் தானாகத் திறந்துகொண்டு, நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் லோர்னாவின் திரையில் நின்றது.

ஓடெல் பிராதர், வயது எழுபத்தொன்று. இலையுதிர்காலத்தில் மூன்று முறை வந்தவர். மூன்று முறையும் நர்ஸ் 'சிறுநீரில் ரத்தம்' என்று எழுதியிருந்தாள். டாக்டரோ 'சிறுநீர்ப்பைக் கோளாறு' என்பதோடு முடித்துக்கொண்டார். டாக்டர் எழுதியதற்குத்தான் குறியீடு போடலாம், நர்ஸ் எழுதியதற்குக் கூடாது. சந்தேகமென்றால் டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அவர் எரிந்து விழுவாரே என்று லோர்னா மூன்று முறையும் N32.9 போட்டுத் தள்ளினாள். கோளாறு, குறிப்பிடப்படாதது. அதைப் பார்த்து மேற்கொண்டு யாரும் அவரைப் பரிசோதனைக்கு அழைக்கவில்லை. ஜனவரியில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

"டெல்ஃபின், செத்தவருக்கு இன்னிக்கு வருகை போட்டிருக்குடி. ரெண்டு பத்துக்கு."

பனி கூடுவதால் சீக்கிரம் கிளம்பிய பக்கத்து மேஜை டெல்ஃபின் பூட்ஸை இழுத்து மாட்டினாள். "மேல எவளாவது தப்பா அமுக்கியிருப்பா. குறியீட்டைப் போட்டு அனுப்பு. ஆளு உயிரோட இருக்காரான்னு பாக்கறதுக்கா நமக்குச் சம்பளம்?"

"நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா, நீ எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சேன்னு அவரு கேட்டிருப்பாரு. வீடு போய்ச் சேரு."

கதவு சாத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கொதிகலனின் முனகலும், குழாய்களுக்குள் யாரோ தொண்டையைக் கனைப்பது போல நீர் ஓடும் ஓசையும், ஜன்னல் விளிம்பில் பனி ஏற ஏறச் சாம்பலாகிக்கொண்டே போன பகல் வெளிச்சமும் மட்டும் அவளோடு மிஞ்சின.

நர்ஸின் குறிப்பில் புது வரி ஏறியது.

2.25. நோயாளி கழிவறை கேட்டார். போக முடியவில்லை என்கிறார்.

2.40. தன் நோய்க்குப் பெயர் எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

2.48. படியில் இறங்குகிறார்.

படிக்கட்டில் சொட்டுச் சத்தம். ஒரு காலடி, ஒரு சொட்டு. நாட்பட்ட மூத்திரத்தின் காரமும் துருவும் கலந்த வாடை கதவிடுக்கில் கசிந்து வந்தது.

லோர்னா கேள்விப் படிவத்தைத் திறந்தாள். 'டாக்டர், இது என்ன கோளாறு?' அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இப்போது கேட்டால், அன்று கேட்காததும் பதிவில் ஏறும். இருபத்தாறு வருட வேலை போய்விடும்.

சொட்டு கதவருகே நின்றது.

எழுதியதை அழித்தாள். N32.9. அனுப்பினாள்.

கோப்பு மூடிக்கொண்டது. சத்தம் இல்லை. வாடை இல்லை. மூச்சு வந்தது.

மறுபடி திறந்தது.

2.58. நோயாளி நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். இன்னொரு முறை எழுதச் சொல்கிறார்.

அவள் திரும்பவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. ஊறி உப்பிய கை. மஞ்சள் தோல். அவள் கைமேல் படிந்தது. குளிர். அவள் விரலை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்தியது.

N. மூன்று. இரண்டு. புள்ளி. ஒன்பது.

அடுத்த கோப்பு திறந்தது. அதே பெயர். அடுத்தது. அதே பெயர். மூத்திரம் முட்ட, அவள் கழிவறைக்கு எழப் பார்த்தாள். அந்தக் கை விடவில்லை.

N. மூன்று. இரண்டு.