அழித்த விரிசல்

சுவருக்கு வாயில்லை, ஆகவே சாட்சிக்கு நீங்கள்தாம் வரவேண்டும். டாக்கா நகரத்து மீர்ப்பூரில், நான்கு மாடித் தையற்கூடத்தின் தலைமேல் அமர்ந்த படத்திருத்த நிலையம் அது. அநீதி நடந்தது பட்டப்பகலில்.

ரெஹ்னுமாவின் தொழில், புதியதைப் பழையதாக்குவது. வெளிநாட்டுக் கணினி விளையாட்டுகளுக்காக, வழவழப்பான சுவர்ப்படங்களின்மேல் துரு, பாசி, ஈரக்கறை, விரிசல் என்று அடுக்கடுக்காக ஏற்றுவாள். அன்று மேலாளர் தௌஹீத் கொடுத்ததோ தலைகீழான வேலை.

"இந்தச் சுவத்துல இருக்கற விரிசல எடுத்துடு. நாளைக்கு பில்டிங் இன்ஸ்பெக்டருக்குப் போகணும்."

"போன மாசமும் இப்படித்தான் ஒண்ணு குடுத்தீங்க, பாய். அந்த ஃபேக்டரி இடிஞ்சு விழுந்துச்சே?"

"உன் மவுஸு இடிச்சா விழுந்துச்சு? வேலையப் பாரும்மா."

அங்கே பதினேழு பெண்கள் மாண்டார்கள். படத்திலிருந்து எடுத்த அந்த விரிசலை அவள் வீசிவிடவில்லை. நல்ல விரிசலை இத்தொழிலில் எவரும் வீணாக்குவதில்லை. வேறு சுவருக்கு ஆகுமென்று வெட்டித் தனிக் கோப்பாகச் சேமித்திருந்தாள்.

இப்போது, பக்கத்துப் பூச்சை நகலெடுத்து விரிசலின்மேல் தடவினாள். மறைந்தது.

மீண்டும் வந்தது.

அதே வளைவு. அதே மூன்று கிளைகள். போன மாதத்து விரிசல்.

அறையெங்கும் ஈரச் சிமெண்டின் வாடை எழுந்தது.

"அந்த லேயர மறைச்சுத் தொலையேன்!"

"தனி லேயரே இல்ல, பாய். படத்துலயே இருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "இது எந்த பில்டிங்?"

தௌஹீத் தரையைப் பார்த்தார். "நம்மளதுதான். ரெண்டாவது மாடி."

ரெஹ்னுமா திருத்தாத படத்தை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினாள். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடியும்வரை எவரும் வெளியேறலாகாது என்பது முதலாளியின் சட்டம். சாவி அவர் வீட்டில். கீழே நானூறு பெண்கள்.

மின்சாரம் நின்றது. நானூறு இயந்திரங்களும் ஓய்ந்தன. அவள் திரும்பிப் பார்த்தாள்; அறைக்குள் திரை இருண்டிருந்தது.

விரிசல் மட்டும் இருளவில்லை.

திரைக்குப் பின்னிருந்த சுவரில், தரையிலிருந்து அது மேலேறி வந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஒரு நூல்முனை நீண்டது.

உள்ளே ஒரு தையல் இயந்திரம் ஓடிற்று.

"பாய்... கேக்குதா?"

"பேசாத. கதவ இழு."

கேட்டீர்களா? அந்தக் கதவு இன்னும் பூட்டியே இருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படியொரு கதவு உண்டு. எழுங்கள்! படத்தை நம்பாதீர்கள், சுவரைப் போய்த் தொட்டுப் பாருங்கள். பூட்டை உடையுங்கள்!