தெப்பத்தின் மேல் யார் கால்?

தெப்பத்துக்கு அடியிலிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு ஸ்பேனர்.

அதற்குப் பின்னால், அந்த ஸ்பேனரைக் கயிற்றால் கட்டியிருந்த மணிக்கட்டு.

அதற்குப் பின்னால்... சுப்பிரமணி.

உயிர் இல்லை.

1997, தை மாதம். மாலை ஐந்தரை மணி. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன அம்மன் கோயில் குளம். மறுநாள் தெப்பத் திருவிழா. படிக்கட்டு முழுக்க ஜனம். ஆசிரமப் பக்கத்திலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரி ஒருத்தி, இதுவும் திருவிழாவில் ஒரு அங்கம் போலிருக்கிறது என்று கேமராவைத் தூக்கினாள். கான்ஸ்டபிள் ராமதாஸ் லத்தியைத் தூக்கினார். கேமரா இறங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் இளஞ்செழியன் பிணத்தருகே குனிந்தார். சுப்பிரமணிக்கு நாற்பது வயது. ஒடிசலான உடம்பு. விரல் முட்டிகள் எல்லாம் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தன.

தட்டியிருக்கிறான். செத்துப்போகும் வரை தட்டியிருக்கிறான்.

"யாருய்யா பாத்தது?"

"நான்தான் சார்."

படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் டீ கிளாஸ். அதைக் கீழே வைக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நீங்க?"

"அவரு சம்சாரம். மணிமொழி." அவள் அவருடைய உதட்டையே பார்த்தாள். "நான்தான் சார் கொன்னேன்."

பக்கத்தில் நின்ற இளைஞன் பதறினான்.

"அக்கா, சும்மாயிரு. சார், அவங்களுக்குக் காது கேக்காது. சின்ன வயசுல காய்ச்சல்ல போயிடுச்சி. உதட்டைப் பாத்துதான் புரிஞ்சிக்குவாங்க. இன்னா சொல்றோம்னு தெரியாம சொல்றாங்க."

"நீ யாரு?"

"தம்பி சார். இனியன். இந்த வருசம் தெப்பம் கட்டற வேலை நான்தான் எடுத்திருக்கேன். மொத தபா."

இருபத்தாறு வயது. அப்பா அம்மா போன பிறகு அவனுக்குச் சோறூட்டி, தலைவாரி, ஐடிஐ வரை படிக்க வைத்தவள் மணிமொழி. அவளுக்குக் குழந்தை கிடையாது. உலகத்தில் அவளுக்கென்று இருந்தது இரண்டே பேர். புருஷன், தம்பி. இன்று சாயங்காலம் அதில் பாதி போய்விட்டது.

இளஞ்செழியன் அவளுக்கு நேராக நின்றுகொண்டார்.

"மெதுவா சொல்லுங்கம்மா. எப்படிக் கொன்னீங்க?"

"ட்ரையல் ஓட்டினா போல்ட்டெல்லாம் லூஸ் ஆயிடும் சார். போல்ட்டுத் தலை பலகைக்கு மேல இருக்கும். நட்டு அடியில, பீப்பாய்ங்களுக்கு நடுவுல. அங்க ஒரு ஆளு தண்ணியில மல்லாந்து நுழையறதுக்குத்தான் சந்து. மூக்குக்கும் பலகைக்கும் ஒரு சாண்கூட இருக்காது. அவரு கீழ நட்டை முறுக்குவாரு. நான் மேல தலையைப் பிடிச்சிக்குவேன். ரெண்டு பேரு இல்லாம அந்த வேலை ஆவாது."

"உள்ள இருக்கறவரு உங்ககிட்ட எப்படிப் பேசுவாரு?"

"தட்டுவாரு. ஸ்பேனரால போல்ட்டுலயே தட்டுவாரு. ஒண்ணு தட்டினா அடுத்த போல்ட்டு. மூணு தட்டினா மூச்சு முட்டுது, இழு. நாலு தட்டினா வேலை முடிஞ்சிது, வெளிய வரேன்." அவள் புருஷன் கிடந்த பக்கம் திரும்பினாள். "பன்னெண்டு வருசத்துல அவரு எங்கிட்ட பேசினதைவிட தட்டினதுதான் சார் ஜாஸ்தி."

ராமதாஸ் மூக்கை உறிஞ்சினார். இருபது வருட சர்வீஸில் அவர் அழுததே இல்லை என்று ஸ்டேஷனில் சொல்லிக்கொள்வார். கணக்கு இன்றோடு போச்சு.

"அப்புறம்?"

"உள்ள ஆளு இருக்கற வரைக்கும் கம்பத்துல சிவப்புத் துணி கட்டியிருப்போம் சார். துணி இருந்தா கூட்டம் தெப்பத்துல ஏறக்கூடாது. ஏறினா தெப்பம் அமுங்கும். உள்ள இருக்கற கொஞ்சூண்டு காத்தும் போயிடும்."

"துணியை யாரு அவுத்தது?"

"நான்தான். நாலு தட்டு வந்துச்சி. வெளிய வராருன்னு நெனச்சி அவுத்தேன். அவருக்கு டீ வாங்கப் போனேன்."

துணி இறங்கட்டும் என்றுதான் பம்பை மேளக்காரர்கள் இருபது பேர் படியில் காத்திருந்தார்கள். ஒத்திகை பார்க்க வேண்டும். துணி இறங்கியதும் ஏறினார்கள். வருடாவருடம் அவர்களுக்கென்று ஒதுக்கின தென்மூலையில் மொத்தமாகப் போய் நின்றார்கள். தென்மூலை அமுங்கியது. சுப்பிரமணி அந்த மூலைக்கு நேர் கீழே இருந்தார்.

"திரும்பி வந்தா அவரைக் காணோம். கைகால் கழுவப் போயிருப்பாருன்னு நெனச்சேன். டீ ஆறிப்போச்சி. போய் இன்னொண்ணு வாங்கியாந்தேன். அப்பால ஒரு பயம் வந்து பலகையில கையை வெச்சேன் சார். பலகை முழுக்க பம்பை அதிருது. அதுல அவரு தட்டறது எது, பம்பை எதுன்னு எனக்குத் தெரியல சார்... தெரியல..."

கையிலிருந்தது இரண்டாவது டீ. இளஞ்செழியன் அதை மெல்ல வாங்கிப் படியில் வைத்தார்.

"நாலு தட்டு வந்தப்போ மணி இன்னா இருக்கும்?"

"கோயில்ல நாலு மணி தீபாராதனை ஆரம்பிச்சாங்க சார். அப்போ."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்று உறுத்தியது. வேலை முடிந்தது என்று தட்டின ஆள் ஏன் உள்ளேயே கிடந்தான்?

"ராமதாஸ், சந்துக்குள்ள போய்ப் பாரு."

"சார்... இந்தத் தொப்பைக்கு அந்த சந்து..."

"தலையை மட்டும் நீட்டு. டார்ச் அடிச்சிப் பாத்துட்டு, ஸ்பேனரால போல்ட்டுல நாலு தட்டு தட்டு."

ராமதாஸ் சட்டையைக் கழற்றி இறங்கினார். மணிமொழி தெப்பத்தில் ஏறி, வழக்கம்போல மண்டியிட்டு, போல்ட்டுத் தலையில் தன் ஸ்பேனரைப் பொருத்தினாள்.

டக். டக். டக். டக்.

அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"இல்ல சார். இது இல்ல."

"எது இல்ல?"

"இப்போ கையில வருது சார். அவரு தட்டினா எப்பவும் கையிலதான் வரும். அப்போ வந்தது கையில இல்ல... கால்ல. என் முட்டிக்கால் வழியா பலகையில வந்துச்சி."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது.

அவருக்கும் புரிந்தது. நாலு தட்டு கீழேயிருந்து வரவில்லை. தெப்பத்தின் மேலேயே, அவள் முதுகுக்குப் பின்னால், யாரோ குதிகாலால் தட்டியிருக்கிறார்கள்!

"நாலு தட்டுன்னா இன்னான்னு உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாருக்கும்மா தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"யாருக்கும் தெரியாது சார்."

அடியிலிருந்து ராமதாஸ் தலையை வெளியே எடுத்தார். மீசையில் பாசி.

"சார், தென்மூலையில நாலு பீப்பாய் மேல செத்தவரு ஆணியால பெருக்கல் குறி கீறி வெச்சிருக்காரு. தட்டிப் பாத்தேன். வெளிய புது பெயிண்ட்டு, உள்ள பாதிக்குப் பாதி தண்ணி. அத்தனையும் ஓட்டை."

"ஓ... அதான் அந்த மூலை ஜாஸ்தி அமுங்கிச்சா?"

இனியன் குறுக்கே வந்தான்.

"சார், ஒண்ணு சொல்லணும். காலையில கமிட்டித் தலைவர் சரவணபவன் மாமாவோட சண்டை போட்டாரு. இன்னும் எத்தினி நாளுக்கு நீ போல்ட்டு முறுக்குவேன்னு கத்தினாரு. எல்லாரும் பாத்தாங்க."

"அப்படியா?"

இளஞ்செழியன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதிராளிக்கு நல்லதில்லை என்று ராமதாஸுக்குத் தெரியும்.

"ஒண்ணு பண்ணலாம்மா. வீட்டுல யார் நடந்தாலும் உங்களுக்குத் தெரியும்ல?"

"தரை அதிரும் சார். யாருன்னு தெரிஞ்சிடும்."

"அப்போ தட்டின காலை உங்களுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிடறேன். நாலு பேரு உங்க பின்னால வந்து நாலு தபா தட்டுவாங்க. எந்தக் கால்னு சொல்லுங்க."

அவள் தயங்கினாள். தலையாட்டினாள். ராமதாஸின் துண்டு அவள் கண்ணில் ஏறியது. இரண்டு உள்ளங்கைகளும் பலகையில் பதிந்தன.

முதலில் சரவணபவன். அறுபது வயது, தொண்ணூறு கிலோ. "எனக்கு இன்னா தலையெழுத்து" என்று முனகிக்கொண்டே தட்டினார்.

இரண்டாவது, ஒரு பம்பைக்காரர்.

மூன்றாவது, இனியன்.

நாலாவது, ராமதாஸ்.

மூன்றாவது ஆள் தட்டும்போது, இரண்டாவது தட்டிலேயே, மணிமொழியின் கைகள் சூடு பட்ட மாதிரி பலகையைவிட்டு எழும்பின. அடுத்த நொடி திரும்பப் பதிந்தன. கட்டியிருந்த துண்டு நனைந்தது.

இன்ஸ்பெக்டர் துண்டை அவிழ்த்தார்.

"யாரும்மா?"

அவள் நாலு பேரையும் பார்த்தாள். கடைசியில் தம்பியைப் பார்த்தாள். அதிக நேரம் பார்த்தாள்.

"மொத ஆளு சார்."

"சரவணபவனா?"

"ஆமாம் சார். அவரு காலுதான்."

"அய்யய்யோ..." சரவணபவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா யோசிச்சி சொல்லுங்கம்மா."

"சத்தியமா அவருதான் சார். கோர்ட்ல வந்தும் சொல்றேன்."

இளஞ்செழியன் பெருமூச்சு விட்டார். அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார். அது வரக்கூடாது என்றும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்.

"மூணேமுக்காலுக்கு சரவணபவன் மைக் செட் பர்மிஷன் கேட்டு என் ஸ்டேஷனுக்கு வந்தாரு. நாலரை வரைக்கும் என் எதிர்லதான் உக்காந்திருந்தாரு. ரெண்டு டீ குடிச்சாரு, ரெண்டும் என் செலவு."

மணிமொழி தலையை வேகமாக ஆட்டினாள்.

"நான்... நான் எதுவும் சொல்லலையே சார்."

"சொல்லலம்மா. பொய் சொன்னீங்க. கட்டின புருஷனைக் கொன்னவனை மறைச்சி ஒரு பொம்பளை பொய் சொல்றான்னா, அது யாருக்காக இருக்கும்? உங்களுக்குன்னு மிச்சம் இருக்கறது ஒரே ஒரு ஆளு."

இனியன் ஓடவில்லை. ஓடுவதற்குக் குளத்தைத் தவிர வழியும் இல்லை. அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டான். ராமதாஸ் விலங்கை மாட்டினார்.

"அக்காவே என்னைக் காட்டிக் குடுத்துடுச்சா சார்?"

"அது உன்னைக் காப்பாத்தத்தான்டா பாத்துச்சி. எதுக்குடா செஞ்ச?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, பலகையைப் பார்த்துப் பேசினான்.

"புது பீப்பாய் கெடைக்கல சார். நாலு பழசுக்குப் பெயிண்ட் அடிச்சி சேத்துட்டேன். மாமா கண்டுபுடிச்சிட்டாரு. ஜனம் ஏறினா கவுந்துடும், நாளைக்குக் காலையில கமிட்டியில சொல்லித் தெப்பத்தை நிறுத்தப் போறேன்னாரு. கால்ல விழுந்தேன். கேக்கல. ஒரு வார்த்தை... அந்த ஒரு வார்த்தையை மட்டும் முழுங்கியிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரு."

அவன் உதடு அவளுக்குத் தெரியவில்லை. மணிமொழி குனிந்து பார்த்தாள். தவித்தாள். பிறகு இன்ஸ்பெக்டரின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இன்னா சார் சொல்றான்? எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. தம்பி, என்னைப் பாத்துப் பேசுடா."

அவன் நிமிரவேயில்லை.

இளஞ்செழியன் சர்வீஸில் எத்தனையோ பொய்யை உடைத்தவர். அன்று ஒன்று சொன்னார்.

"மன்னிச்சிடுக்கான்னு சொல்றாம்மா."

அவள் தம்பியின் குனிந்த தலையில் கை வைத்தாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அதன் பிறகு கை ஓங்கி ஒரே ஓர் அறை விட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

ஜீப் கிளம்பும் நேரத்தில், சரவணபவன் மூச்சிரைக்க ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"சார், தப்பா நெனக்காதீங்க. பத்திரிகை அடிச்சாச்சு, பம்பைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. நாளைக்குத் தெப்பம்... அம்மன் எப்படி சார் வலம் வரும்?"

இளஞ்செழியன் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். தென்மூலை இன்னும் கொஞ்சம் அமுங்கியிருந்தது.

"தெப்பம் கெடையாதுய்யா. ஊர் ஊரா ஜனம் பஸ் ஏறி வந்து மலையைச் சுத்திப் பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடக்கற ஊரு இது... உங்க அம்மனும் இந்த ஒரு வருசம் நடக்கட்டும்!"