பதினோரு ஓடிபி

"சார், உங்க போனுக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்றீங்களா?"

"சொல்ல மாட்டேன்."

இப்படித்தான் ஆரம்பித்தது. கறம்பக்குடியிலிருந்து கேட்டவள் சிவரஞ்சனி. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்திலிருந்து மறுத்தவன் வெற்றிசெல்வன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"சார், நான் திருடி இல்லை. பால் குளிரூட்டுற நிலையத்துலேருந்து பேசுறேன்."

"எல்லாரும் எங்கேயிருந்தாவது பேசத்தான் செய்யுறாங்க மேடம். நான் பேங்க்ல இருக்கேன். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஊர் ஊராப் போயிக் கூட்டம் போடுறவன். என்கிட்டேயே கேக்குறீங்களே!"

"சரி, என்ன செஞ்சா சொல்லுவீங்க?"

"திருக்கோகர்ணம் கிளைக்கு நேர்ல வாங்க. அடையாள அட்டையோட."

வீம்புக்குச் சொன்னான். ஐப்பசி மழையில் கறம்பக்குடியிலிருந்து யார் வரப்போகிறார்கள்?

"வாரேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அவளுக்கு வேறு வழியில்லை. நிலையத்தில் இரண்டு பெரிய பால் டேங்க்குகள். நாலு டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் சென்சார் கண்டுபிடித்துவிடும். உடனே கிளவுட் கண்காணிப்புக் கணக்கிலிருந்து, அதில் பெயர் உள்ள எல்லோருக்கும் மெசேஜ் பறக்கும். சரிசெய்தவர் என்ன நடந்தது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதுவும் எல்லோருக்கும் பறக்கும். மாதத்துக்கு ஆயிரத்து ஐநூறு மெசேஜ். தீர்ந்தால் அலாரம் ஊமை!

போன மாதக் கடைசியில் அப்படித்தான் ஊமையானது. கரண்ட் போனது யாருக்கும் தெரியவில்லை. ஒரு டேங்க் பால் முழுக்கத் திரிந்து வாய்க்காலில் ஓடியது. விடியாத நேரத்தில் எழுந்து பால் பீய்ச்சிக் கொண்டுவந்த பெண்கள் வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சிவரஞ்சனிக்கு இருந்தது. என் கண் முன்னால் இன்னொரு தடவை பால் வாய்க்காலில் போகக் கூடாது... போக விடமாட்டேன்!

கணக்கைத் துருவிப் பார்த்தாள். பதினான்கு பெயர்கள். அதில் பதினொருவர் இங்கே வேலையிலேயே இல்லை! கல்யாணமாகி ஆவுடையார்கோவிலுக்குப் போன தேவிப்ரியா, கடை வைத்துவிட்ட பிரசாந்த், துபாய்க்குப் போன பழைய மேலாளர் கோபிநாத்... யார் போனாலும் பெயரை மட்டும் எடுப்பதில்லை. "பேரை எடுத்தா அவுகளுக்கு மனசு சங்கடப்படும்த்தா. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார் பால் சங்கத் தலைவர் குழந்தைசாமி. அந்தப் பெருந்தன்மைதான் மெசேஜ்களைத் தின்று தீர்த்தது.

இன்று தேதி இருபத்தொன்று. மிச்சம் தொண்ணூறு. பெயர்களை நீக்க வேண்டுமென்றால் கணக்கின் உரிமையாளருக்கு ஓடிபி போகும். உரிமையாளர் கோபிநாத். அவருடைய பழைய எண் காலாவதியாகி, இப்போது திருக்கோகர்ணத்து வீம்புக்காரனிடம் இருக்கிறது. சேவை மையமோ ஏழு வேலைநாள் ஆகும் என்றது. ஏழு நாளா? இரண்டு நாள் தாங்கினாலே பெரிது.

பஸ் ஏறினாள். ஜன்னலோரம் சாரல் அடித்தது. புதுக்கோட்டை வருவதற்குள் இரண்டு தடவை போன் அதிர்ந்தது. ஒரு அலாரம், நிலையத்தில் கூட வேலை பார்க்கும் அடைக்கலமேரி அக்கா எழுதிய ஒரு குறிப்பு. பதினான்கு பேருக்கு இரண்டு தரம். இருபத்தெட்டு காலி. மிச்சம் அறுபத்திரண்டு!

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வங்கியில் கூட்டமில்லை. வெற்றிசெல்வன் டிபன் பாக்ஸைத் திறக்கப்போனவன் நிமிர்ந்தான்... அப்படியே நின்றுவிட்டான். நெற்றி முடியிலிருந்து மழைத்துளி இமையில் விழ, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் ஒருத்தி நின்றாள். பெரிய கண்கள். உடம்பெல்லாம் நனைந்திருந்தும் அந்தக் கண்களில் மட்டும் அனல்.

"அடையாள அட்டை. ஆதார். கோபிநாத் சார் துபாயிலேருந்து வாட்ஸ்அப்புல அனுப்பின கடிதத்தோட பிரிண்ட்" என்று மேசையில் அடுக்கினாள். "இப்ப சொல்லுவீங்களா?"

அவன் தலைக்குமேல், 'ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்' என்று பெரிய போஸ்டர் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு கேள்வி மேடம். போன மாசம் பதிமூணாம் தேதி ரெண்டாவது டேங்க் ஏன் ஏழு டிகிரிக்குப் போச்சு?"

"மூடியைச் சரியா மூடலை. அடைக்கலமேரி அக்காவுக்குப் பேத்தி பொறந்த சேதி வந்துச்சு. அப்படியே ஓடிட்டாங்க..."

"'பேத்தி பொறந்திருக்கு, அதனால மன்னிச்சாச்சு'ன்னு எழுதியிருந்தீங்க" என்று அவன் மெதுவாக முடித்தான்.

சிவரஞ்சனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுடைய குறிப்பு!

"படிச்சீங்களா...?"

"ஆறு மாசமாப் படிக்கிறேன். முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. யாரோட பாலோ எனக்கு எதுக்குன்னு. அப்புறம்... மழை வந்தா உங்க மெசேஜ் வரும்னு தெரிஞ்சு போச்சு. மழைக்கே காத்துக்கிட்டு இருக்க ஆரம்பிச்சிட்டேன். போன மாசக் கடைசியில ரெண்டு நாள் ஒண்ணுமே வரலை. ஒங்களுக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"அந்த ரெண்டு நாள்லதான் சார் பால் கெட்டுச்சு!" குரல் உடைந்தது. "இது தப்பான நம்பர்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு போன்... அப்பவே நான் முழிச்சிருப்பேன்ல? எத்தனை பேர் உழைப்பு தெரியுமா? நீங்க பாட்டுக்குக் கதை படிக்கிற மாதிரி படிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க!"

அவன் முகம் வெளுத்தது. "சொன்னா மெசேஜ் நின்னுபோயிரும்னு சொல்லாம இருந்தேன். தப்புத்தான். என்ன செய்யணும் சொல்லுங்க."

"ஓடிபி."

அன்று அந்தப் போஸ்டருக்குக் கீழேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் தன் போனில் ஒரு பெயரை நீக்குவாள். அவன் போன் சிணுங்கும்.

"நாலு... ஏழு... ஏழு..."

"சீக்கிரம் சார். ரெண்டு நிமிஷத்துல காலாவதி ஆயிரும்."

"கண்ணாடி போடாமத் தெரிய மாட்டேங்குது மேடம்."

"சட்டைப் பையிலதானே இருக்கு கண்ணாடி!"

அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள். கோபமாக இருக்கிறாய் சிவரஞ்சனி, மறந்துவிடாதே!

பத்துப் பெயர்கள் போயின. கடைசியில் உரிமையாளர் மாற்றம்.

"இதைச் சொன்னா எனக்கு இனிமே ஒண்ணும் வராது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

பத்து ஓடிபியையும் இழுத்து இழுத்துச் சொன்னவன், பதினோராவதைக் கடகடவென்று சொல்லிவிட்டான். அவள் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைத்தது. இழுத்தடிக்க வேண்டிய இடத்தில் அவன் இழுத்தடிக்கவே இல்லை.

ஊரில் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை கேக்காம எல்லார் பேரையும் எடுத்துட்டியேத்தா!" சிவரஞ்சனி அசையவில்லை. 'இங்கு வேலையில்லாத ஒரு பெயரும் இந்தக் கணக்கில் இருக்கக் கூடாது' என்று ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்தையே வாங்கி, கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டினாள். இப்போது கணக்கில் மூன்றே பேர்: அவள், அடைக்கலமேரி, தலைவர்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் பேய்மழை. கரண்ட் போனது. ஆனால் அலாரம் வந்தது! நனைந்துகொண்டே ஓடி ஜெனரேட்டரைப் போட்டாள். டேங்க்கின் வெப்பமானி முள் இறங்கியது... ஐந்து... நாலரை... நாலு. பால் தப்பித்தது. அடைக்கலமேரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

குறிப்பு எழுத உட்கார்ந்தாள். 'மழை. ஜெனரேட்டர் போட்டாச்சு. பால்...' விரல் நின்றது. யாருக்கு எழுதுகிறாள்? அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள். தலைவர் மெசேஜைத் திறந்ததே இல்லை. திருக்கோகர்ணத்திலும் இப்போது மழை பெய்துகொண்டிருக்கும். அவன் போனைப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. 'தப்பிச்சிருச்சு' என்று மட்டும் சேர்த்து அனுப்பினாள்.

மாதம் முடிந்தபோது பதினோரு மெசேஜ் மிச்சமிருந்தது. ஒரு சொட்டுப் பால் வீணாகவில்லை.

நவம்பர் முதல் தேதி. கணக்கில் புதிய மாதம், உபயோகம் பூஜ்யம். சிவரஞ்சனி செட்டிங்ஸைத் திறந்து, புதிய நபரைச் சேர்க்கும் இடத்தில் ஒரு எண்ணை மனப்பாடமாக அடித்தாள். பிறகு போன் போட்டாள்.

"சார், உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்றீங்களா?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம்... "எதுக்குன்னு தெரியாம சொல்ல மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் குழந்தைசாமி உள்ளே வந்து நின்றார். திரையில் நாலாவது பெயர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"யாருத்தா இது வெற்றிசெல்வன்? வேலையில்லாத ஒரு பேரும் கூடாதுன்னு என் கையெழுத்தை வாங்கி ஒட்டினியே. இவருக்கு இங்க என்ன வேலை?"

போனைப் பொத்திக்கொள்ளலாம். கட் பண்ணலாம். அவள் இரண்டும் செய்யவில்லை.

"நான் எழுதுறதைப் படிக்கிறாருங்கய்யா."

"அது ஒரு வேலையா?"

"எனக்கு அது வேணும்ங்கய்யா." குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அவரை எனக்குப் புடிச்சிருக்கு. அவர் படிக்காட்டி எனக்கு எழுதவே தோணலை."

வெளியே தகரக் கூரையில் மழை கொட்டியது. தலைவர் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒட்டியிருந்த தாளையும் ஒருமுறை பார்த்தார்.

"சேர்த்துக்க. ஆனா ஒண்ணு, சேர்த்த பேரை எடுக்கக் கூடாது. அதுதான் என் வழக்கம்" என்று சொல்லிவிட்டு டேங்க்கைப் பார்க்கப் போய்விட்டார்.

"ரஞ்சனி..." மேடம் இல்லாமல் அவன் அழைத்தது அதுதான் முதல் தடவை. "மன்னிச்சாச்சுன்னு எழுதினீங்களே, அந்தப் பதிமூணாம் தேதியிலேருந்தே எனக்கு ஒங்களைப் புடிக்கும். என்னையும் மன்னிப்பீங்களா?"

"மன்னிச்சாச்சு."

"அங்கிட்டு வரட்டுமா? நேர்ல... அடையாள அட்டையோட."

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். "வாங்க. முதல்ல ஓடிபியைச் சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க."

அவன் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். அதற்குள் இரண்டு நிமிடம் கடந்து, ஓடிபி காலாவதியாகியிருந்தது. சிவரஞ்சனி இன்னொன்று அனுப்பினாள்.