ஒரு கை அகலம்

யாரும் உட்காராத நாற்காலி சூடாக இருந்தது.

வெயிலாக இருக்கும் என்று பெரியவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆளே எட்டிப் பார்க்காத அவளுடைய விழா மண்டபத்துக்குள் வெயில் எங்கே வரும்? வாசலில் தொங்கும் 'இருநூறு பேருக்கு மேல் அனுமதி இல்லை' பலகையைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். சந்துக்கு அந்தப் பக்கம், ஓரகத்தி சின்னவளின் புது மண்டபத்தில் பாட்டும் சிரிப்பும் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தன. அங்கேயும் கணக்கு இருநூறுதான். உள்ளே இருந்ததோ அதற்கு மேல். அடுத்த வீட்டில் அடுப்பு எரிந்தால் பெரியவளுக்கு வயிறு எரியும்.

இரண்டு மண்டபங்களின் அவசரக் கதவுகளும் அந்தக் குறுகிய சந்தில் எதிரெதிரே இருந்தன. காலையில்தான் தன் உபரி நாற்காலிகளை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே நெருக்கி அடுக்கிவைத்தாள். சோதனைக்கு வரும் அதிகாரி வழி அடைபட்டிருப்பதைப் பார்த்துச் சின்னவளுக்கு அபராதம் விதிக்கட்டும்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிப் போடுங்க. கதவு வெளிப்பக்கமாத்தான் திறக்கும்" என்று சின்னவள் அப்போதே கெஞ்சினாள்.

"ஒரு மீட்டர் அகலக் கதவுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே! ஒரு கை நுழையுதுல்ல? போதும் போ."

இப்போது அங்கே பாட்டு நின்றது. கைதட்டல் கேட்டது. மரத்தில் அறைவதுபோல் கனத்த, தாளம் தப்பிய கைதட்டல், நடுவே கூச்சல்.

"அப்படி என்னத்தக் கண்டுட்டாங்களாம்?" பெரியவள் பொருமினாள்.

கைதட்டல் மெலிந்தது. ஓய்ந்தது.

அவள் மண்டபத்தில் ஒரு நாற்காலி முனகியது. அடுத்தது. பிறகு வரிசை வரிசையாக, ஆட்கள் வந்து அமர்வதுபோல, பிளாஸ்டிக் இருக்கைகள் குழிந்தன. கருகிய முடியின் வாடை. யாரையும் காணோம். வரிசைகள் நிறைந்த பிறகும் வந்துகொண்டே இருந்தார்கள். சூடான தோள்கள் அவளை இடித்தன. வாசல் பக்கம் நகர முடியவில்லை.

சந்துப் பக்கத்து அவசரக் கதவு. தள்ளினாள். ஒரு கை அகலம் திறந்து முட்டியது. நாற்காலிகள். அவளுடையவை.

எதிர்க் கதவின் இடுக்கில் புகை. புகைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டிருந்தது. சின்னவளின் வளையல், உருகி, சதையோடு.

"அக்கா." குரல் அங்கிருந்து வரவில்லை. பிடரியில் அனலாகப் பட்டது. "ஒரு கை நுழையுதுல்ல?"

பின்னாலிருந்து நெருக்கினார்கள்.

சந்தில், நாற்காலிகளின் மேல், இரண்டு கைகள் நீண்டு கிடந்தன. ஒன்று மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.