சந்தனமாரி வாங்கிய சத்தியம்

"தங்கச்சிக்கு ஆபரேஷன்னு சொல்லித்தானட்டி கோயம்புத்தூருக்குப் போன? இது என்ன படம்?"

அய்யாத்துரை வீசிய காப்பித் தம்ளர் அடுப்பங்கரைச் சுவரில் மோதி உருண்டது. அவர் நீட்டிய செல்போனில் சந்தனமாரி கால் நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தை ஒன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் செல்வகணேஷின் கூட்டாளி யாரோ ஸ்டேட்டஸில் வைத்த படம். அய்யாத்துரையின் அக்கா சுப்புத்தாய் அதைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் விடியாததுமாகப் புதூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"தாலி கட்டாமப் பிள்ளை! அதுக்கு இவ போயிப் பேறுகாலம் பார்த்துட்டு வந்திருக்கா. நம்ம குடும்பத்துல இப்படி ஒரு கூத்து உண்டுமாடா தம்பி?"

"எல்லாம் இவ குடுத்த எடம்க்கா…"

சந்தனமாரி தம்ளரை எடுத்துக் கழுவி வைத்தாள். பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், கூடப்பிறந்தவள் முன்னால் புருஷன் தலைகுனிய வேண்டிவரும். முப்பது வருஷமாக அவள் செய்யாத காரியம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கிற ஓட்டப்பிடாரத்து ஐஸ்வர்யாவைக் கட்டிக்கிறேன் என்று செல்வகணேஷ் வந்து நின்றான். "வேற சாதிக்காரியா?" என்று அய்யாத்துரை சோற்றுத்தட்டை எத்திவிட்டு எழுந்தார். மறுநாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில், ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போகிறோம் என்ற பிள்ளைகள் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு சந்தனமாரி அழுதாள். "அப்பா இல்லாம உனக்குக் கல்யாணம் நடந்தா அவிய உசுரோட இருக்கமாட்டாவ. நான் பேசிச் சம்மதிக்க வைக்கேன். அதுவரைக்கும் தாலி கட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணுலே!"

பண்ணினான். அவளும் எத்தனையோ முறை பேச்செடுத்தாள். எடுத்தபோதெல்லாம் அவர் எழுந்து போனார். ஐஸ்வர்யா வயிற்றில் வந்த பிள்ளை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. படம் ஊர்வரைக்கும் வந்துவிட்டது தெரிந்து ராத்திரியே ஓசூரில் பஸ் ஏறிய செல்வகணேஷ் இறங்கினான். பின்னால், துணியில் பொதிந்த குழந்தையோடு ஐஸ்வர்யா. யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை.

சுப்புத்தாய்தான் முந்திக்கொண்டாள். "ஆனது ஆயிப்போச்சு. இப்பவே ஒரு மஞ்சக்கயித்தைக் கட்டுலே. போன வருஷமே கல்யாணம் முடிஞ்சதுன்னு ஊருக்குச் சொல்லிருவோம்."

"வேண்டாம்மா," என்றாள் ஐஸ்வர்யா. "ஒரு பொய்யை வச்சு இவளை வளர்க்க மாட்டோம். கல்யாணம் பண்ணிட்டுத்தான் பிள்ளைன்னு நாங்களும் நெனச்சோம். ஆஸ்பத்திரியில கழுத்தைப் பாத்துட்டு அந்த நர்ஸம்மா ஒரு மாதிரியா கேட்டாங்க… இனியாவது ரிஜிஸ்டர் பண்ணிருவோம்னு அன்னைக்கும் கெஞ்சினேன். அப்பா ஆசீர்வாதம் இல்லாமக் கட்டமாட்டேன்னு அம்மாகிட்டச் சத்தியம் பண்ணிருக்கேன்னு இவுக மறுத்துட்டாக."

அய்யாத்துரை மெல்லத் திரும்பினார். "சத்தியமா? ஏட்டி… நீயா வாங்கின?"

"நான்தான் வாங்கினேன்." சந்தனமாரி அவருக்கு நேரே வந்து நின்றாள். "நானும் தாலிக்குப் பிறகுதான் பிள்ளைன்னு நெனக்கிறவதான். ஆனா அந்தத் தாலியைக் கட்டவிடாம நின்னது நீங்க. உங்க மானத்துக்குப் பயந்து அவங்க கையைக் கட்டிப்போட்டது நான். தப்பு நம்ம ரெண்டு பேரு மேலதாங்க… இந்தப் பச்சை மண்ணு என்ன செஞ்சது? இவங்களுக்கு இந்த வீட்டுல எடமில்லேன்னா எனக்கும் இல்ல!"

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள். செருப்புக்கூட மாட்டவில்லை. செல்வகணேஷ், "அம்மா!" என்று பின்னால் ஓடினான்.

கரிசல்காட்டுக்கு ஆடு பத்திக்கொண்டு போன தெருக்காரி தங்கமாரி, கூச்சல் கேட்டு நின்றாள். "யாரு பிள்ளைக்கா இது?"

சந்தனமாரி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். தெருவே அவள் முகத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. பின்னாலிருந்து அய்யாத்துரையின் குரல் கேட்டது.

"எம் பேத்தி."

"செல்வத்துக்கு எப்ப அண்ணாச்சி கல்யாணம் ஆச்சு? சொல்லவே இல்ல!"

சுப்புத்தாய் அவசரமாக வாயைத் திறந்தாள். அய்யாத்துரை கை காட்டி நிறுத்தினார்.

"இன்னும் ஆகல தங்கமாரி. நான்தான் ரெண்டு வருஷமா நடக்கவிடாம வச்சிருந்தேன். ஐப்பசியில வைக்கேன். பேத்தியை மடியில வச்சுக்கிட்டு நானே தாலி எடுத்துக் குடுப்பேன். ஊர்ல எல்லாருக்கும் சொல்லு."

தங்கமாரி ஆடுகளை மறந்து அப்படியே நின்றாள்.

அய்யாத்துரை படியிறங்கி வந்தார். மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. "எங்கிட்ட வாய் தொறக்கப் பயந்து, பெத்த மகன் வீட்டுப் பேறுகாலம் பார்க்கவே பொய் சொல்லிட்டுப் போயிருக்கியே சந்தனம்… அம்புட்டுக் கெட்டவனாவா இருந்திருக்கேன்?"

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. அவர் தோளில் நெற்றியை முட்டி, தெரு பார்க்கப் பார்க்க விம்மினாள். இருவருக்கும் நடுவில் நசுங்கிய குழந்தை வீறிட்டது.

"இந்தாங்க… பிடிங்க."

"எனக்குப் பிடிக்கத் தெரியாதுட்டி."

"கழுத்துக்குக் கீழ கையைக் குடுங்க. இன்னும் தலை நிக்கல," என்று அவர் கையைத் தன் கையால் தாங்கிக் காட்டினாள் சந்தனமாரி. பிறகு ஐஸ்வர்யாவைத் திரும்பிப் பார்த்து, "வெயில்ல நிக்காத தாயி, உள்ள வா," என்றாள்.