நவநீதன் தலை தூக்கிய மாலை

“நம்ம ஆளுக்கு நேத்து கடவாய்ப்பல்லைப் புடுங்கிட்டாங்க. என்னா வலி, என்னா வலி! பிரமாதம் போங்க!” என்றார் சாகுல், பாசிச் சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் பொறாமையோடு உச்சுக்கொட்டினார்கள். பல் பிடுங்கப்பட்டவர் செத்து முந்நூறு வருஷம் ஆகிறது. மதுரையில் வளையல் கடை வைத்திருந்தாராம். அவருடைய வலியை வியாழன் கோளின் நிலவான காலிஸ்டோவில், பனிக்கு அடியில் குடைந்த சுரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு சாகுல் அனுபவித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் அங்கே இப்படித்தான். வட்டமாக உட்கார்ந்து, “இப்ப என்ன ஓடுது?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் தான் ஆடிய அல்லது ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். பேசாதவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பி மூன்று வேளையும் கசப்பு மருந்து கொடுத்தார்கள். ஆகவே எல்லோரும் நன்றாகவே பேசினார்கள்.

ஆட்டம் என்றால் ஒன்றே ஒன்றுதான் மதிப்புள்ள ஆட்டம்: ‘பூமி வாழ்வு’. பிடரியில் பதித்த நரம்பிழை வழியாக, பூமியில் முன்னொரு காலத்தில் நிஜமாக வாழ்ந்த ஒருவருக்குள் புகுந்து ஒரு மாதம் குடியிருக்கலாம். அவர் பார்ப்பதைப் பார்க்கலாம், தின்பதைத் தின்னலாம். அவரை நம் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது. மெல்ல உந்தலாம், அவ்வளவுதான். அவருடைய பழக்கம் நம்முடைய உந்தலைவிடப் பலமாக இருந்தால் அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்ப்பார். இயந்திரம் தின்கிற மின்சாரத்துக்கு ஆயுளில் ஒருவருக்கு ஒரு முறைதான் அனுமதி. சாகுல் பல்வலியில் செலவழித்தது அந்த ஒரு முறையைத்தான். பாவம், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பூமியைப் பொசுக்கிவிட்டு ஓடிவந்தவர்களின் வாரிசுகளுக்குப் பூமிமேல் வந்த பாசம் இருக்கிறதே, அப்பப்பா!

பொற்கொடி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். காற்று வடிகட்டிகளைக் கழற்றிக் கழுவி மாட்டுகிற வேலை அவளுக்கு. நாற்பது வயதில் அவளுக்கு ஒரே ஆசை: கடலைப் பார்க்க வேண்டும். அந்த ஆசையை அவளுக்குள் போட்டவர் செங்கோடன், பனித் துரப்பண மேற்பார்வையாளர். பல வருஷங்களுக்கு முன் அவருடைய முறை முடிந்து வந்தபோது இதே கூடத்தில் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “அலை வர்றப்ப முதல்ல சத்தம் வராது, மூச்சு வரும். யாரோ பெரிய ஆளு தூங்குற மாதிரி. அப்புறம் காலடி மண்ணை உருவிக்கிட்டுப் போகும். நாம பின்னால போற மாதிரியே இருக்கும். அந்த நீலம் இருக்கே... ஒவ்வொரு அலைக்கும் ஒரு நீலம்!” கூடமே அழுதது. அன்றிலிருந்து செங்கோடன் எங்கே போனாலும் அவருக்கு முதல் தட்டு சூப்.

செங்கோடன் குடியிருந்த அதே ஆள்தான் வேண்டும் என்று பொற்கொடி காத்திருந்தாள். காஷ்மீரத்து ஆள் ஒருவர் கிடைத்தார், வேண்டாம் என்றாள். கொல்லிமலையில் ஒரு பெண் கிடைத்தாள், அதுவும் வேண்டாம். கடைசியில் செங்கோடனின் ஆளே கிடைத்தான்: நவநீதன். வயது முப்பத்திரண்டு, ஊர் சென்னை, வீடு திருவான்மியூர். கடற்கரை நடந்து போகிற தூரம். சந்தோஷத்தில் பொற்கொடி தன் வடிகட்டிகளுக்குக்கூட முத்தம் கொடுத்தாள்.

நவநீதன் தினமும் சாயங்காலம் கடற்கரைக்குப் போனான். அதில் ஒரு குறையும் இல்லை. கையில் கட்டியிருந்த கடிகாரம் நடக்கச் சொன்னது, நடந்தான். ஆனால் நடந்தவன் தலை, அட ராமா, போனுக்குள் கவிழ்ந்திருந்தது. பொற்கொடிக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளங்கை அளவு கண்ணாடியும், இரண்டு கட்டைவிரலும், அதற்கு அப்பால் கலங்கலாகக் கொஞ்சம் மணலும்தான். ‘தலையைத் தூக்குடா’ என்று உந்தினாள். கழுத்து ஒரு நொடி விறைத்தது. உடனே போன் டிங் என்றது. கழுத்து பழையபடி தொங்கிவிட்டது.

அவன் போனில் என்ன செய்தான் தெரியுமா? ஆட்டம் ஆடினான். ஒரு தீவில் வெங்காயம் பயிரிடுகிற ஆட்டம். நிஜ வெங்காயத்தை உரிக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறவன், பொம்மை வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச அலாரம் வைத்து எழுந்தான். ஆக, காலிஸ்டோவில் இருந்த பொற்கொடி சென்னையில் இருந்த நவநீதனை ஆட, நவநீதன் இல்லாத தீவில் இல்லாத விவசாயியை ஆடிக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு நாள் அவன் கடலுக்கு முன்னால் நின்று போனை உயர்த்தினான். பொற்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரை முழுக்க நவநீதன் முகம். காதுக்கு மேலே கட்டைவிரல் நகத்தளவு ஒரு நீலத் துண்டு. அதிலும் அவன் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டி, அந்த நீலத்தை ஊதாவாக்கிவிட்டான். “நாசமாப் போறவனே!” என்று அவள் கத்தியது காலிஸ்டோவின் ஆட்ட அறைக்கு வெளியே வரை கேட்டது.

மாதம் முடியப்போகிற சமயத்தில்தான் அந்தக் கொடுமை நடந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு படகு நிழலில் உட்கார்ந்த நவநீதன், ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் பக்கம் ஒன்றைத் திறந்தான். தான் இப்போது ஆடுகிற ஆட்டம் எப்படியிருக்கிறது என்று ஆளாளுக்கு அங்கே எழுதியிருந்தார்கள். அவன் தன்னுடைய பழைய குறிப்பு ஒன்றை எடுத்து, எத்தனை பேர் மெச்சியிருக்கிறார்கள் என்று பார்த்தான். பொற்கொடியும் படித்தாள்.

‘வெங்காயத் தீவில் கடலை என்னமா பண்ணியிருக்கான் பாருங்க! அலை வர்றப்ப முதல்ல சத்தம் வராது, மூச்சு வரும். யாரோ பெரிய ஆளு தூங்குற மாதிரி. அந்த நீலம் இருக்கே, ஒவ்வொரு அலைக்கும் ஒரு நீலம்!’

பொற்கொடி அதை மறுபடி படித்தாள். இத்தனை வருஷம் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த கடல், ஒரு வெங்காய ஆட்டத்தில் தீட்டிய கடல். செங்கோடன் கண்டது அதைத்தான். கேட்பவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களே, அந்த நெய்யைத்தான் மொத்தக் குடியிருப்பும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஆனாலும் அவள் விடவில்லை. நிஜக் கடல் இவன் முதுகுக்குப் பின்னால்தானே கிடக்கிறது? மிச்சம் இருந்தது ஒரு நாள். தலையைத் தூக்க வைக்க முடியாவிட்டால் போனைக் கொன்றுவிடலாம் என்று முடிவு செய்தாள். அன்று இரவு நவநீதன் அரைத் தூக்கத்தில் போனுக்கும் கடிகாரத்துக்கும் பொதுவான சார்ஜரைச் சொருகப் போனபோது, உயிரைத் திரட்டி ஓர் உந்து உந்தினாள். தூக்கத்தில் பழக்கத்துக்குப் பலம் கம்மி. சார்ஜர் முனை தலையணைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மாலை, கடற்கரை. கடிகாரம் முதலில் ஓய்ந்தது. போனில் சிவப்புக் கோடு மினுமினுத்தது. நவநீதன் பதறிப்போய் வெங்காயத்துக்கு அவசரமாகத் தண்ணீர் விட்டான். பாதி பாத்தியில் திரை அணைந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தான், உதறிப் பார்த்தான், சட்டையில் தேய்த்துக்கூடப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் அவன் கழுத்து மெல்ல மெல்ல நிமிர்ந்தது. பொற்கொடியின் கண்ணில் நீர் முட்டியது. வா ராசா, வா. இதோ!

இருட்டு.

‘பதிவு இல்லை. காத்திருக்கவும்’ என்று இயந்திரக் குரல் சொன்னது.

மறுபடி வெளிச்சம் வந்தபோது நவநீதன் வீட்டில் இருந்தான். போன் சார்ஜில் இருந்தது. அவன் நண்பனுக்கு எழுதிக்கொண்டிருந்தான்: ‘போன் செத்துருச்சுடா. பேன்ட் முழங்கால் வரைக்கும் ஈரம், விரல் இடுக்கெல்லாம் மணல். வெங்காயம் வேற காஞ்சுபோச்சு. சாயங்காலமே வேஸ்ட்.’

அத்தோடு பொற்கொடியின் முறை முடிந்தது.

அவள் நேரே ஆட்டக் காப்பாளர் பெனடிக்டாவின் அறைக்குள் புகுந்தாள். பெனடிக்டா ஐம்பதைத் தாண்டியவள். எதற்கும் அசராதவள்.

“அக்கா, உங்க மிஷின் பழுது! அவன் கடல்ல எறங்கியிருக்கான். முழங்கால் வரைக்கும் எறங்கியிருக்கான்! எனக்கு ஒண்ணுமே காட்டல.”

“பழுதெல்லாம் இல்லடி. அந்த மனுஷன எத வச்சுச் செஞ்சோம்னு நெனச்சே? அவன் போனுல விட்டுட்டுப் போனத வச்சுத்தான். எங்க போனான், எத்தன அடி நடந்தான், என்ன தட்டுனான், என்ன போட்டோ புடிச்சான், எல்லாம் அதுல இருக்கும். அன்னிக்கு அவன் போன் நெசமாவே செத்துப்போச்சு. போன் செத்தா அவனும் இல்ல. நாங்க எதப் பாத்துக் கடல வரையிறது?”

“அப்ப கடலப் பாத்தவங்களே உங்ககிட்ட இல்லியா? மீன் புடிக்கிறவங்க, சும்மா ஒக்காந்து வேடிக்க பாத்தவங்க...”

“வேடிக்க பாத்தவன் எங்க பதிவு போட்டான்? அவனெல்லாம் தடமே இல்லாமப் போயிட்டான். குனிஞ்சே கெடந்தவங்க மட்டும்தான் முழுசாக் கெடைச்சாங்க. ஆட்டத்துல இருக்கிறவங்க அத்தன பேரும் அந்த ஜாதிதான்.”

“செங்கோடன் அண்ணன் பொய்தான சொன்னாரு? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? இங்க வந்து அழுதாரு, உன்ன மாதிரியே. அடுத்த ஞாயித்துக்கெழம வட்டத்துல பேசியாகணுமே, என்ன பண்ணுவாரு பாவம்? எல்லாரும் இங்க வந்து அழுதுட்டுத்தான் அங்க போய் அளந்து விடுறாங்க. நீயும் எதையாச்சும் யோசிச்சு வையி.”

பொற்கொடி யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் எழுந்து நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். வெங்காயத் தீவைச் சொன்னாள், அணைந்த போனைச் சொன்னாள். “நான் கடலப் பாக்கல. இங்க ஒருத்தரும் பாக்கல. பாத்திருக்கவே முடியாது!” என்று குரல் உடைந்து முடித்தாள்.

 செங்கோடனின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் முகம் வெளுத்ததைப் பொற்கொடி பார்த்தாள். ஆனால் அனுபவசாலி அல்லவா, அடுத்த நொடியே சமாளித்துக்கொண்டார்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!” என்றார் சிரித்துக்கொண்டே. “உந்தத் தெரியணும் தங்கச்சி. பக்குவமா உந்தணும்.”

அவ்வளவுதான், கூட்டம் வாயைத் திறந்துகொண்டது. “நான் மூணு தடவ பாத்தேன்” என்றார் ஒருவர். “எங்க ஆளு கடல்லயே குடியிருந்தாரு” என்றார் இன்னொருவர். மதுரையை விட்டு நகராத சாகுல்கூட, “வைகையில அலை அடிச்சது பாருங்க!” என்று ஆரம்பித்துவிட்டார். கடல் பார்த்தவர்களின் எண்ணிக்கை பொற்கொடியின் கண்ணெதிரே பெருகிக்கொண்டே போனது.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் எதையாவது பிய்த்து எறிய வேண்டும்போல் இருந்தது. கைக்கு எட்டியது சுவரை மூடித் தொங்கிய தடித்த சாம்பல் திரை. சுரங்கம் பனிச்சரிவில் வெளியே எட்டிப்பார்க்கும் அந்தச் சுவர் முழுக்கக் குடியிருப்பின் முதல் தலைமுறை கண்ணாடி பதித்திருந்தது. வெளியிலிருந்து வெளிச்சம் அடித்தால் நரம்பிழை கண்முன் காட்டும் எழுத்து மங்குகிறது என்று பின்னால் வந்தவர்கள் திரை போட்டு மூடினார்கள். பொற்கொடி அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

வெளியே வியாழன் நின்றுகொண்டிருந்தது. பனிவெளியின் விளிம்புக்கு மேலே, பூமியின் நிலவைப்போல எத்தனையோ மடங்கு பெரிதாக, காவியும் வெள்ளையும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக. ஒரு பட்டைக்குள் ஒரு சூறாவளி பூமியையே விழுங்குகிற அகலத்தில் சுழன்றது. அதன் மஞ்சள் ஒளி கீழே பனி முழுக்கப் பரவிக் கிடந்தது. அது என்றைக்கும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது, நகரவே இல்லை.

ஒரு கணம் எல்லோரும் பார்த்தார்கள்.

“இது எந்த ஆட்டத்துல வருது?” என்று கேட்டார் செங்கோடன்.

“என்ன எழவோ, கண்ணு கூசுது. திரையப் போடும்மா, ஒண்ணும் படிக்க முடியல” என்றது ஒரு குரல். பொற்கொடி அசையவில்லை. கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு அவரவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் வராத உள்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே கடல் கதை தொடர்ந்தது.

பொற்கொடி மட்டும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருஷம் இதற்கு முதுகைக் காட்டியா சூப் குடித்தேன் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. பட்டைகள் ஒன்றையொன்று உரசி நகர்வதைப் பார்த்தாள். ‘சத்தமே இல்லாம சுத்துது. யாரோ பெரிய ஆளு துணி நெய்யிற மாதிரி’ என்று ஒரு வாக்கியம் மனதில் ஓடியது. நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. இதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னால் செங்கோடன் வாயை மூட வேண்டியதுதான். முதல் தட்டு சூப் யாருக்கு என்று பார்த்துவிடலாம்.

மறந்துபோவதற்குள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நரம்பிழையைத் தட்டினாள். கண்முன் எழுத்து வந்தது, ஆனால் மங்கலாக வந்தது. வியாழனின் வெளிச்சம் நேரே முகத்தில் அடித்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு எழுத்தும் தெளியவில்லை.

பொற்கொடி சலித்துக்கொண்டே கையை நீட்டித் திரையை இழுத்து மூடினாள்.