எரியாத சிவப்பு விளக்கு

"என் சர்க்யூட் வரைபடத்தைத் திருடிட்டாங்க சார். யாருன்னும் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்," என்றாள் டிசைனர், துப்பறிபவரிடம்.

கூட வந்திருந்த தம்பி முந்திக்கொண்டான். "ஆபீஸ்ல இருந்த பொண்ணுதான் சார். அக்கா நேத்தே அவளை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இனி போலீஸ்தான் பாக்கி."

மின்சாரம் போனால் லிஃப்டை அடுத்த மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்துவிடும் சர்க்யூட் போர்டு அது. மண்டையை உடைத்துக்கொண்டு அவள் வரைந்தது. அவளுடையது கடைக்கு வருமுன்பே எதிர்க் கம்பெனி அதையே விற்கத் தொடங்கிவிட்டது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? அதிலும் அந்தப் பெண்ணைக் கூடப் பிறந்தவளைப் போல நம்பியிருந்தாள்.

துப்பறிபவர் எதற்கும் பதறாத ஆள். கடையிலிருந்து வாங்கிவரச் செய்த எதிர்க் கம்பெனி போர்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, பேட்டரியையும் ஒரு சின்ன மோட்டாரையும் இணைத்தார். எல்லாவற்றிலும் மோட்டார் சுற்றியது. போர்டின் ஓரத்துச் சிவப்பு விளக்கு மட்டும் ஒன்றிலும் எரியவில்லை.

"விளக்கு போயிடுச்சு சார்," என்றான் அவருடைய உதவியாளன், திருடனையே பிடித்துவிட்ட தோரணையில்.

"நாம வாங்கின எல்லா போர்டுலயுமா?"

டிசைனர் லென்ஸை வாங்கிக் குனிந்து பார்த்தாள். "ப்ளஸ், மைனஸ் மாறி விளக்கைத் திருப்பி வச்சிருக்காங்க. அப்படி வச்சா எரியாது." சற்று நிறுத்தினாள். "நானும் முதல்ல இதே தப்பைத்தான் பண்ணினேன்."

"எதுல?"

"வீட்டுல, பென்சில்ல. தாள்ல போட்டுப் பார்த்துட்டுதான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்துவேன். ஏத்தும்போதே இதைச் சரி பண்ணிட்டேன்."

"அப்ப கம்ப்யூட்டர்ல இந்தத் தப்பு ஒருநாளும் இருந்ததில்ல. அங்கேருந்து திருடியிருந்தா விளக்கு எரிஞ்சிருக்கும். இது தாளைப் பார்த்துச் செஞ்சதும்மா. அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்கு வருவாளா?"

"வந்ததே இல்ல."

"தாள் எங்க?"

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "கிழிச்சுப் போடச் சொல்லிக் குடுத்தேன்," என்றாள். "இவன்கிட்ட."



"நீ வேணாம்னு போட்டதைத்தானேக்கா வித்தேன்," என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

வரைபடம் போனதுகூட அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"நான் எடுக்கலைன்னு அவ அழுதா. நீ பக்கத்துல நின்னுகிட்டு, அவ பையைக் கொட்டிப் பாருன்னு சொன்னே. நானும் எல்லார் முன்னாடியும் கொட்டினேன்டா."